சனிக்கிழமைக் காதுகள்

அந்தச் சனிக்கிழமை சத்திரசிகிச்சை அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். எனக்கும் என் சக பயிலுனருக்கும் பொறுப்பாக இருந்த பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர், அதாவது எங்கள் சேர். கருவிகளை எடுத்துக் கொடுக்கும் தாதி. குருநாகலிலிருந்து வந்து என்னோடு பயிற்சி பெற்ற சிங்களப் பெண். நான். ஐந்தாவது ஆள் மேசையில், முகத்தை மூடிய பச்சைத் துணிக்குக் கீழே படுத்திருந்த ஒரு பெண். மரத்துப்போகும் ஊசி அவருடைய காதுச் சோணைகளுக்கு மட்டும்தான் போடப்பட்டிருந்தது. அவர் விழித்திருந்தார். ஆனாலும் அறையில் எத்தனை பேர் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் நாலு பேர் என்றுதான் நாங்கள் சொல்லியிருப்போம்.

இல்லாதவர் என் அப்பா. அந்த நேரம் அவர் திருகோணமலையின் பாலையூற்றில் எங்கள் வீட்டு முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டுச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்திருப்பார். அடி விழுந்தது அவருக்குத்தான். இன்றுவரை அவருக்கு அது தெரியாது.

அந்தப் பெண் பல வருடம் பாரமான தோடும் ஜிமிக்கியும் போட்டதில் இரண்டு காதுத் துளைகளும் நீண்டு, ஒன்று அறுந்தே போயிருந்தது. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மணப்பெண்ணின் தாய் வெறுங்காதோடு மேடையேற எங்கள் பக்கத்தில் எந்தத் தாயும் சம்மதிக்கமாட்டாள். சேருக்குச் சனிக்கிழமைகளில் கூட்டம் வந்ததும் இதனால்தான். பழைய துளையை வெட்டித் தைத்து, அதே மேசையில் புதுத் துளையையும் வைத்து, கல்யாணத்துக்கு முன்னம் தோடு போடலாம் என்று உறுதி கொடுப்பார்.

அவர் அந்தப் பெண்ணின் தலையை இடப்பக்கம் திருப்பி ஒரு காதில் பேனையால் புள்ளி வைத்தார். பிறகு வலப்பக்கம் திருப்பி மற்றக் காதில் வைத்தார். படுத்திருக்கும் ஆளின் சோணை பின்பக்கமாகச் சரிந்து கிடக்கும். எழுந்து நின்றால் அது வேறு இடம். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"சேர், ஒருக்கா அவவை இருத்தி வைச்சு, அவவின்ரை தோட்டையே பிடிச்சுப் பார்த்துப் புள்ளி வைச்சா என்ன?"

சேர் தலை நிமிரவில்லை. "ஐசே, உம்மடை அப்பா என்ன வேலை செய்தவர்?"

அவருக்கு அது தெரியும். பயிற்சிக்குச் சேர்ந்த முதல் நாளே கேட்டவர். "துறைமுகத்திலை, சேர்."

"துறைமுகத்திலை என்ன?"

"மூட்டை இறக்கினவர்."

"ஆ. மூட்டை இறக்கின வீட்டிலையிருந்து எனக்குத் தோடு தொங்கிற இடம் காட்ட ஆள் வந்திருக்கு. சிஸ்டர், இவருக்கு ஒரு கதிரை போடுங்கோ. நான் விளக்குப் பிடிக்கிறன்."

தாதி சிரித்தார். அந்தச் சிரிப்பு சேருக்கு உற்சாகம் கொடுத்திருக்க வேண்டும்.

"அது கோணி பிடிக்கப் பிறந்த கை, ஐசே. காதைத் தொட அதுக்கு இன்னும் ரெண்டு தலைமுறை வேணும். நீர் விளக்கைப் பிடியும்."

நான் விளக்கைப் பிடித்தேன். சக பயிலுனர் முகமூடிக்கு மேலாக என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். யன்னலுக்கு வெளியே உள்துறைமுகத்தில் ஒரு கப்பல் நகராமல் நின்றது. சேர் தைத்து முடிக்கும்வரை நான் ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த வசனத்துக்கு இவர் விலை கொடுக்க வேண்டும். எப்படி என்று தெரியாது. எவ்வளவு காலம் எடுத்தாலும் பரவாயில்லை.

அந்த அறைக்கு நான் வந்து சேர்ந்த வழியையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் சாதாரண தரப் பரீட்சையைத் தாண்டிய முதல் ஆள் நான். வைத்தியரானதும் அப்பா படிப்பு முடிந்தது என்று நினைத்தார். அதற்கு மேலும் வருடக்கணக்கில் பயிற்சி இருக்கிறது என்றபோது, "அப்ப இவ்வளவு நாளும் நீ டொக்டர் இல்லையோ?" என்று பயந்துபோய்க் கேட்டார். அடுத்த கட்டத்துக்குப் போக, அழகுச் சத்திரசிகிச்சைகள் சிலவற்றை நான் என் கையால் செய்திருக்கிறேன் என்று ஒரு நிபுணர் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் நான் நின்ற இடத்திலேயே நிற்பேன்.

அங்கேதான் சிக்கல். அரச மருத்துவமனையில் எங்கள் மேசைக்கு எரிகாயமும் வீதி விபத்தும் பிளந்த உதட்டோடு பிறந்த குழந்தைகளும் வரிசையில் நிற்பார்கள். அவற்றில் நாங்கள் நன்றாகக் கற்றோம், சேரும் கற்பித்தார். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் தொங்கும் இமையைத் தூக்குவது, மூக்கைத் திருத்துவது, காதைத் தைப்பது எல்லாம் பணம் கட்டி வருபவர்களுடைய காரியம். அது சனிக்கிழமைகளில், துறைமுகத்தைப் பார்த்து நின்ற அந்தத் தனியார் மருத்துவமனையில் நடக்கும். பயிலுனர்கள் அங்கே போய் உதவுவது வழக்கம். சம்பளம் கிடையாது. கற்றுக்கொள்ளத்தானே வருகிறீர்கள் என்பார்கள்.

நாங்கள் அங்கே கற்றது சேருடைய வலது தோளை. தோல் எங்கே வெட்டப்படுகிறது, எவ்வளவு விடப்படுகிறது, நூல் எந்த ஆழத்தில் போகிறது என்று பார்க்க வேண்டிய நேரம் வந்ததும் அந்தத் தோள் மெல்ல உயர்ந்து குறுக்கே வரும். தோள் போதாவிட்டால், "அந்த ஏசியைக் கொஞ்சம் பாரும், ஐசே" என்பார். ஏசியைப் பார்த்துவிட்டு வந்தால் காரியம் முடிந்திருக்கும். பயிற்சிப் பதிவில் 'உதவினார்' என்று எழுதிக்கொண்டு போவோம்.

"மச்சான், இண்டைக்கு நீ என்ன படிச்ச?" என்று சக பயிலுனர் தன் சிங்களம் கலந்த தமிழில் கேட்பாள்.

"முதுகு."

"நான் காலர். அனே, கழுத்துக்கு மேல படிக்க இன்னும் ரெண்டு வருசம் போகும்."

சேரிடம் ஒருமுறை நேரே கேட்டும் பார்த்தோம். காசு கட்டினவர்கள் தன் கைக்குத்தான் கட்டினவர்கள் என்றார். நியாயமான பேச்சுப்போல இருக்கும். ஆனால் அதன் முடிவு என்ன? பயிற்சி முடித்த ஒருவன் நிபுணர் என்ற பட்டத்தோடு ஏதோ ஒரு ஊருக்குப் போவான். அங்கே முதல் தடவையாகத் தனியே ஒருவருடைய இமையை வெட்டுவான். வெட்டப்படுபவருக்கு அது முதல் தடவை என்று தெரியாது. அவர் பணமும் கட்டி, தன் முகத்தையும் பாடப்புத்தகமாகக் கொடுத்துவிட்டுப் போவார். சேரும் அப்படித்தான் கற்றிருக்க வேண்டும். முப்பது வருடமாகக் காதுகளைப் படுக்க வைத்துப் புள்ளியிட்டு வருபவருக்கு, அது பிழை என்று சொல்லப் பக்கத்தில் ஒருவரும் இருந்திருக்கவில்லை. சொல்ல வந்தவனுக்கு விளக்கைக் கொடுத்தார்.

கல்யாணம் முடிந்த பிறகு அந்தப் பெண் அரச மருத்துவமனைக்கு என்னைத் தேடி வந்தார். வெளிநோயாளர் பகுதிக்கு வெளியே, ஊருக்குள் திரியும் மான்கள் நிழலுக்கு ஒதுங்கிப் படுத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் நின்றார். பருத்த உடம்பு. சேலை மடிப்பு ஒன்றுகூடக் கலையாமல் நின்றது. லிங்கநகரில் மணப்பெண் அலங்காரம் செய்பவர் என்று பிறகு அறிந்தேன். கல்யாணக் காலத்தில் திருகோணமலையில் மணவறை ஏறும் பெண்களில் பாதிப்பேர் அவருடைய கதிரையில் இருந்து எழும்பிப் போனவர்கள்தான்.

"சனிக்கிழமை விளக்குப் பிடிச்ச தம்பி நீரோ?"

என் முகம் அவருக்குத் தெரியாது. அன்றைக்கு எல்லோரும் முகமூடி போட்டிருந்தோம். நான் தயங்கினேன்.

"ஒரு வசனம் கதையும் பார்ப்பம்."

"என்ன கதைக்கிறது, அம்மா?"

"ஓம். இந்தக் குரல்தான்."

கைத்தொலைபேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். மகளும் மருமகனும் நடுவில். பக்கத்தில் இவர், பட்டுச் சேலையோடு. ஒரு ஜிமிக்கி கழுத்தோடு ஒட்டித் தொங்கியது. மற்றது கன்னத்தின் மேல் ஏறி நின்றது.

"படக்காரன் மூண்டு தரம் சொல்லிப்போட்டான், அம்மா தலையை நிமித்துங்கோ, அம்மா தலையை நிமித்துங்கோ எண்டு. நான் நிமித்திக்கொண்டுதான் தம்பி நிண்டனான். சம்பந்தி கேக்கிறா, உங்களுக்குக் கழுத்துச் சுளுக்கோ எண்டு."

சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"சிரியும், சிரியும். நானும் வீட்டை போய்ச் சிரிச்சனான். அதுக்குப் பிறகுதான் உங்கடை சேரிட்டைப் போனனான். அவர் என்ன சொன்னவர் தெரியுமோ? அது பயிற்சிக்கு வந்த பொடியன் தைச்சதாம். கண்டிக்கிறாராம்."

சொன்ன வசனம் போதாதென்று, செய்த பிழையையும் அதே கைமேல் ஏற்றிவிட்டிருக்கிறார். இனி எந்தக் கையெழுத்தை நான் எவரிடம் போய்க் கேட்பது?

"நான் தைக்கேல்லை, அம்மா."

"தெரியும்." கைத்தொலைபேசியைப் பைக்குள் போட்டார். "மரத்தது சோணைதான் தம்பி. கேக்கிறது மரக்கேல்லை. இருத்தி வைச்சுப் பாருங்கோ எண்டு நீர் சொன்னது கேட்டது. கோணி பிடிக்கிற கை, ரெண்டு தலைமுறை எண்டு அவர் சொன்னதும் கேட்டது. என்ரை மனுசன் வள்ளத்திலை மீனுக்குப் போறவர். அந்தக் கை உழைச்ச காசைத்தான் உங்கடை சேர் எண்ணி வாங்கினவர்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நான் என்ன செய்யிறது எண்டு எனக்குத் தெரியும். ஆனா முதல்லை என்ரை காது நேராக வேணும். இந்தக் கோலத்திலை போய் ஆரோடையும் சண்டை பிடிக்க ஏலாது. நீர் செய்வீரோ?"

"எனக்குச் செய்ய இடமில்லை, அன்ரி. செய்ய விட ஆளும் இல்லை." அம்மா என்று அழைத்த வாய் எப்போது அன்ரிக்கு மாறியது என்று தெரியவில்லை.

"அப்ப இடத்தைத் தேடும். தழும்பு ஆற எப்பிடியும் காலம் எடுக்கும்தானே. நான் இருக்கிறன்."

அந்த வருடம் எங்கள் மருத்துவமனைக்குப் புதிதாக ஒரு நிபுணர் மாற்றலாகி வந்திருந்தார். நாங்கள் மேடம் என்போம். பேச்சுக் குறைவு. நானும் சக பயிலுனரும் அவரிடம் ஒரு திட்டத்தை எழுதிக்கொண்டு போனோம். வாரத்தில் ஒரு பின்னேரம், அரச மருத்துவமனையின் சிறிய சத்திரசிகிச்சை அறை. காது, தழும்பு, மச்சம், பிறகு இமை. செய்வது பயிலுனர், பக்கத்தில் நிற்பது நிபுணர். செய்யப்போவது பயிலுனர்தான் என்று நோயாளிக்கு முதலே சொல்ல வேண்டும், விரும்பாதவர் திரும்பிப் போகலாம். புள்ளி வைக்கும்போது ஆளை இருத்த வேண்டும், கையில் கண்ணாடி கொடுக்க வேண்டும், போடப்போகும் தோட்டை அவரே கொண்டுவர வேண்டும். விழித்திருப்பவரின் முகத்தைத் துணியால் மூடக் கூடாது. ஒருவர் ஒரு வேலையைப் பல தடவை பார்த்து, பிறகு பாதி செய்து, பிறகு முழுதும் செய்து, அதற்குப் பிறகும் ஆறு மாதம் கழித்து அந்த நோயாளியைத் திரும்ப அழைத்துத் தன் கைவேலை எப்படி ஆறியிருக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். சேரிடம் இந்தக் கடைசி வழக்கம் கிடையவே கிடையாது. தைத்துவிட்ட காது அதற்குப் பிறகு அவருடைய காது அல்ல.

எழுதும்போது ஒவ்வொரு விதியும் ஒரு சனிக்கிழமைக்கான பதிலாகத்தான் என் கையிலிருந்து வந்தது. மேடம் இரண்டு தரம் வாசித்தார்.

"இது கோபத்திலை எழுதினது."

"ஓம், மேடம்."

"கோபம் பரவாயில்லை. ஆனா இந்த ஏழாவதை வெட்டும். நிபுணரின் தோள் குறுக்கே வரலாகாது எண்டு அரசாங்கத் தாளிலை எழுத ஏலாது."

வெட்டினேன். மனமில்லாமல்தான்.

பிரிவுக் கூட்டத்தில் சேர் அதை எதிர்க்கக்கூட இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. "செய்யட்டும், செய்யட்டும். பழகிறதுக்கு எண்டு சொன்னாப் பிறகு காதைக் கொண்டுவந்து குடுக்கிறதுக்கு ஆருக்கு விசர்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

அது தொடங்கும்வரை கைகளைச் சும்மா விடவில்லை. கண்ணிமைத் தோலைப்போல மெல்லிய ஒன்று வேண்டும் என்று தேடியபோது, விடை மீன் சந்தையில் கிடந்தது. கணவாயின் மேல்தோல். கொஞ்சம் இழுத்தாலும் கிழியும், நூல் ஆழமாகப் போனால் சுருங்கும். எங்கள் வீட்டுக் குசினி மேசையில் கணவாய்களை விரித்து வைத்து நானும் சக பயிலுனரும் வெட்டினோம், தைத்தோம், பிரித்தோம், திரும்பத் தைத்தோம். காலையில் வாங்கினால் பின்னேரத்துக்குள் தைத்து முடிக்க வேண்டும். அதற்கு மேல் அம்மா பொறுக்கமாட்டா.

"நூலை எடுத்துப்போட்டுத் தாங்கோ பிள்ளையள். கறி வைக்க வேணும்."

அப்பா வாசலில் நின்று பார்த்தார். "இவ்வளவு படிச்சது கணவாய் தைக்கவோ?"

"அங்கிள், இது கணவாய் இல்ல. கண்," என்றாள் சக பயிலுனர்.

"ஆற்றை கண்?"

நான் நூலை இழுத்து முடிச்சுப் போட்டேன். அந்த நேரங்களில் என் ஊசிக்குக் கீழே இருந்தது யாருடைய கண் என்று எனக்குத் தெரியும்.

"ஏன், உங்கடை பெரிய டொக்டர் இதெல்லாம் காட்டித் தரமாட்டாரோ?" என்று அப்பா கேட்டார்.

"அவருக்கு நேரமில்லை, அப்பா."

"ஓமோம். பெரிய ஆக்களுக்கு எங்கை நேரம்," என்றார், மரியாதையோடு. அந்த மரியாதை என் நெஞ்சில் முள்ளாக இறங்கியது. சாப்பிடும்போது அவருடைய கறியில் ஒரு துண்டு நீல நூல் வந்தது. விரலால் எடுத்துச் சாப்பாட்டுக் கோப்பையின் விளிம்பில் வைத்துவிட்டுத் தொடர்ந்து சாப்பிட்டார்.

எங்கள் பின்னேரம் தொடங்கிய முதல் வாரம் ஒருவரும் வரவில்லை. மேடம் ஒரு கதிரையில் இருந்து சஞ்சிகை வாசித்தார். இரண்டாவது வாரம் தோப்பூரிலிருந்து ஒரு பெண் வந்தார், அறுந்த காதோடு. வயல் வேலை செய்பவர்.

"லிங்கநகர் அக்கா அனுப்பினவ. இங்கை கண்ணாடி குடுத்துக் கேட்டுச் செய்வினமாம்."

அதற்கடுத்த வாரங்களில் வந்தவர்கள் எல்லோரும் அதே அக்காவைச் சொன்னார்கள். அவர் என்ன செய்கிறார் என்று நேரே போய்க் கேட்டேன். கடையில் ஒரு மணப்பெண்ணுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார். பெண்ணின் தாயும் சித்தியும் பக்கத்தில் இருந்தார்கள்.

"நான் என்ன செய்யிறன்? உள்ளதைச் சொல்றன். பூ வைக்கிற நேரம் ஒருத்தரும் எழும்பிப் போக ஏலாதே தம்பி." ஊசியை வாயிலிருந்து எடுத்துக் கொண்டைக்குள் குத்தினார். "என்ரை படத்தைக் காட்டுவன். பிறகு கோணிக் கதையைச் சொல்லுவன். பிறகு ஆர் தைச்சது எண்டு எனக்குச் சொன்ன பொய்யைச் சொல்லுவன். மிச்சத்தை அவையே சொல்லுவினம்."

"சேரின்ரை பேரையும் சொல்லுவீங்களோ?"

"பேரைச் சொல்லாட்டி அது கதையே?"

சிரித்தேன். அந்தச் சிரிப்பில் நல்லது எதுவும் இருக்கவில்லை. நான் அதை மறைக்கவும் இல்லை. சேருடைய சனிக்கிழமைப் பட்டியல் சுருங்குகிறது என்று அந்தத் தனியார் மருத்துவமனையில் வேலை செய்த ஒருவர் சொன்னபோது, வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மோட்டார் சைக்கிளில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போனேன்.

இதற்கிடையில் நானும் சக பயிலுனரும் சனிக்கிழமைகளில் போவதை நிறுத்தியிருந்தோம். சேர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"ஐசே, இந்தச் சனிக்கிழமையும் வரமாட்டீரோ?"

எத்தனையோ நாள் ஒத்திகை பார்த்து வைத்த பதில்கள் இருந்தன. கோணியும் தலைமுறையும் வரும் பதில்கள். வாயில் வந்தது வேறு.

"வாறன், சேர். ஒரு காதை நான் செய்யலாமெண்டா வாறன். ஆளுக்கும் முதலே சொல்ல வேணும்."

மறுபக்கத்தில் தொலைபேசி வைக்கப்பட்டது. அது எனக்கு ஒத்திகை பார்த்த பதில்கள் எல்லாவற்றையும்விட இனித்தது. எங்களுக்குப் பின்னால் வந்த பயிலுனர்களும் அதே பதிலைச் சொல்லப் பழகினார்கள். சேர் சம்பளத்துக்கு ஒரு வைத்தியரைப் பிடிக்க வேண்டியதாயிற்று.

அன்ரியின் தழும்பு ஆறியது. பிழையாய் இருந்த துளையை மூட ஒரு பின்னேரம் குறித்தோம். அவரை நிமிர்த்தி இருத்தி, கண்ணாடி கொடுத்து, ஜிமிக்கியைப் பிடித்து, சிரிக்கச் சொல்லி, கதைக்கச் சொல்லி, தலையைத் திருப்பச் சொல்லிப் பார்த்தேன். பிறகு வைக்கப்போகும் புதுத் துளைக்கான புள்ளியை நான் வைத்தேன். அவர் கண்ணாடியில் பார்த்து, "கொஞ்சம் உள்ளுக்கு," என்றார். அழித்து உள்ளே வைத்து, அளவை எழுதிக்கொண்டேன்.

மேடம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஒருவனுக்குக் கற்பிக்கும்போது செய்யக் கடினமான வேலை அதுதான் என்று இப்போது, எனக்குக் கீழே இளையவர்கள் வந்த பிறகு, விளங்குகிறது. கை தானாக முன்னுக்குப் போகும். பறித்துச் செய்தால் இரண்டு நிமிடத்தில் முடியும். அன்றைக்கு அவர் வாய் திறந்தது ஒரே ஒருமுறை. "இன்னும் மேலாலை போம்," என்றார். நூலை எடுத்துவிட்டு மேலால் போனேன். சக பயிலுனர் எனக்கு எதிரே நின்று தோலைப் பிடித்திருந்தாள். எங்கள் மூவருடைய தோள்களும் கீழே இருந்தன.

"கை நடுங்குதோ?" என்று அன்ரி கேட்டார். முகத்தில் துணி இல்லாததால் அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை, அன்ரி."

"நடுங்கினாச் சொல்லும். எப்பிடியும் எனக்குக் கேக்கும்."

சில மாதங்கள் கழித்துப் புதுத் துளையும் வைத்து, அது ஆறி, அவர் முதல் தடவையாக இரண்டு ஜிமிக்கிகளையும் போட்டுக்கொண்டு கண்ணாடி பார்த்தார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். இரண்டும் ஒன்றாக ஆடின. அதற்குள் மேடம் எனக்கு வேண்டியிருந்த கையெழுத்தைப் போட்டுவிட்டார். எங்கள் பின்னேரமும் பயிற்சியின் பகுதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. நான் நின்ற இடத்திலிருந்து நகர்ந்துவிட்டேன். இதோடு விடலாம் என்று சக பயிலுனர் சொன்னாள்.

"மச்சான், நீ வென்றாச்சு. இனி என்ன?"

"இன்னும் விலை வரேல்லை."

"அனே, உனக்கு விசர்."

அன்ரிக்கும் அதே விசர் இருந்தது. அடுத்த சனிக்கிழமை, ஆட்கள் கூடியிருக்கும் நேரம் பார்த்து, என்னையும் கூட்டிக்கொண்டு அந்தத் தனியார் மருத்துவமனைக்குப் போனார். கல்யாணத்தில் உடுத்த அதே பட்டுச் சேலை. அதே ஜிமிக்கி. காசாளர் மேசைக்கு முன்னால் போய் நின்று, தான் கட்டிய பணம் திரும்ப வேண்டும் என்றார். முன் கதிரைகளில் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ உள்ளே போய்ச் சொல்ல, சேர் வெளியே வந்தார்.

என்னைக் கண்டார். அன்ரியின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, உள்ளை வாங்கோ, இருந்து கதைப்பம்."

"உள்ளை வேண்டாம் சேர். போன முறை உள்ளை கதைச்சதெல்லாம் எனக்குக் கேட்டது."

சேருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கிய நேரத்தை நான் பார்த்தேன். கண்கள் ஒருதரம் அந்தச் சத்திரசிகிச்சை அறையின் கதவுக்குப் போய் வந்தன. இத்தனை வருடத்தில் அந்தத் துணிகளுக்குக் கீழே எத்தனை பேர் விழித்துக் கிடந்தார்கள் என்று அவர் அப்போது எண்ணத் தொடங்கியிருப்பார். எண்ணட்டும் என்று நினைத்தேன்.

அன்ரி அந்த வசனத்தை ஒரு சொல் பிசகாமல் சொன்னார். கோணி, காது, இரண்டு தலைமுறை. என் அப்பாவின் வேலையையும் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. கல்யாண வீட்டில் பலகாரத்தின் சுவை சொல்வதுபோலச் சொன்னார்.

"அது ஒரு பகிடிக்குச் சொன்னது," என்றார் சேர்.

"ஓம். சிஸ்டர் சிரிச்சவ. அதுவும் கேட்டது." தலையைப் பக்கவாட்டில் திருப்பிக் காதைக் காட்டினார். பிறகு மற்றப் பக்கம். "இது நீங்கள் வைச்ச துளை. இது கோணி பிடிக்கிற கை வைச்சது. இப்ப ரெண்டும் நேர். ரெண்டு தலைமுறை எண்டு சொன்னீங்கள், ரெண்டு கல்யாணக் காலம்கூடப் போகேல்லை."

முன் கதிரையில் இருந்த ஒரு பெண் மெதுவாகத் தன் காதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

சேர் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தார்போல. ஒருவேளை, பரவாயில்லை சேர் என்று. நான் சொல்லவில்லை. அவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்கு அது தேவைப்பட்டிருக்காது. எனக்கு விலைதான் தேவைப்பட்டது.

அவர் காசாளருக்குத் தலையசைத்தார். காசாளர் பெண் இலாச்சியைத் திறந்தாள்.

"இன்னொண்டும் இருக்கு," என்றார் அன்ரி. "கல்யாண அல்பத்திலை என்ரை ஜிமிக்கியைக் கொம்பியூட்டரிலை நேராக்கினதுக்குப் படக்காரனுக்குக் குடுத்தது. அதையும் சேர்த்துத் தாங்கோ."

சேர் அதற்கும் தலையசைத்தார். காசாளர் எல்லோர் முன்னாலும் எண்ணி மேசைமேல் வைத்தாள். இரண்டு காதுக்கும் ஐம்பத்தெட்டாயிரம், படத்துக்கு ஏழாயிரத்து ஐந்நூறு. மொத்தம் அறுபத்தையாயிரத்து ஐந்நூறு ரூபாய்.